ஜமாஅத்தின் கட்டைவிரல்

ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவுக்கு ஒரே வாக்கு என்று சட்டமாகி மூன்றாவது தேர்தல் அது. ஜமாஅத்தின் ஆயிரத்து நூறு பேருக்காகவும் இமாம் ஹபீபுல்லாஹ்வின் கட்டைவிரலே இயந்திரத்தில் பதிய வேண்டும். இரண்டு மணிக்குள் பதியாவிட்டால் அவரவர் வாக்கு அவரவரிடமே திரும்பிவிடும். ஆனால் விரல் வைக்காமலிருக்க எந்த இமாமுக்குத் துணிவு வந்தது? முந்தைய இரு முறையும் கட்சி காட்டிய சின்னத்தில் விரலை வைத்துவிட்டு, அவர் பிரசங்க மேடையான மிம்பரில் ஏறவே கூசியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கட்சிக்காரர் ஜாபர் இயந்திரத்தை நீட்டினார். “சட்டுனு வைங்க ஹஜ்ரத். அடுத்த பள்ளிக்குப் போகணும்.”

இமாம் விரல் வைக்கக் கையை உயர்த்தினார். மாடியில் பெண்கள் தொழும் பகுதியிலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது.

“தொழுகதான் முடிஞ்சிருச்சே, எதுக்குத் தட்டுறாங்க?” என்றார் ஜாபர்.

“இமாம் தப்புப் பண்ணினா, பின்னால தொழுற பொம்பளைங்க தட்டித்தான் திருத்தணும்” என்ற இமாம் கையை இறக்கினார்.

இறைவன் சந்நிதியிலேயே இமாமைத் திருத்தலாம் என்றால், ஓர் இயந்திரத்தின் முன்னால் திருத்தக் கூடாதா? கைதட்டல் மாடியெங்கும் பரவியது. கீழே ஆண்களும் தங்கள் முறைப்படி “சுப்ஹானல்லாஹ்” என்று குரல் கொடுத்தார்கள். அதற்குள் இரண்டு மணி அடித்துவிட்டது.

வாசலில் வாக்களிக்க நீண்ட வரிசை நின்றது. அதன் கடைசியில் இமாமும், அவருக்கு முன்னால் அவர் மனைவி நிஹாராவும் நின்றார்கள்.

“முதல்ல தட்டுனது நீதானே?”

“பின்னே? நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே.”

“சரி, யாருக்குப் போடப்போற?”

“அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?” என்றாள் நிஹாரா.

அந்த முதல் தேர்தலுக்குப் பிறகு இன்றுதான் இமாம் வாய்விட்டுச் சிரித்தார்.