புருஷனுக்கு மட்டும்

"அழாதேம்மா. ஆன்செல்ம் தலை கழுத்து மேலேயே இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார் வக்கீல் தெலபோர்த்.

ஆமியான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்ற ஒனோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தியெப் துறைமுகத்திலிருந்து ரயிலேறி வந்த சலவைக்காரி. காரநீரில் ஊறி வெடித்த விரல்கள் கறுப்புச் சால்வையை இறுக்கிப் பிடித்திருந்தன.

கூரை வேய்கிற ஆன்செல்ம், மனைவி ஸெலியைச் சுத்தியலால் அடித்துக் கொன்றவன். அதை அவனே மறுக்கவில்லை. அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காமல் வக்கீல் தவித்தபோதுதான் இவள் தானாக வந்து நின்றாள். இளவட்டமாக இருந்த நாளிலிருந்தே அவரைத் தெரியும், அவர் துணியைத் துவைத்துப் போட்டவள் நான் என்றாள். வக்கீல் உடனே நீதிபதியிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

"கொன்னதை ஒத்துக்கிட்டாரே, எப்படிங்க விடுவாங்க?"

வலது காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். இடது காது கேட்காது. பிறவியிலேயா என்று காலையில் வக்கீல் விசாரித்ததற்கு, "நடுவுல வந்ததுங்க" என்றிருந்தாள்.

"சொந்த வீட்டுல, சொந்தக் கட்டில்ல, பெண்டாட்டிகூட இன்னொருத்தனைப் பார்த்தா எவனுக்கும்மா நிதானம் இருக்கும்? சட்டமே இரங்குது. மிஞ்சிப் போனா ரெண்டு மூணு வருஷம் ஜெயில்."

"எல்லா ஆம்பளைக்குமா?"

"புருஷனுக்கு மட்டும். நம்ம பிரான்சுல விவாகரத்தே கிடையாது. ஒரு தடவை கட்டினா, சாவு வந்துதானே பிரிக்கணும்? அந்தக் கஷ்டத்துக்கு இந்தச் சலுகை. சும்மா சேர்ந்து வாழ்ந்தவன்னா நேரா கில்லட்டின்தான். நம்ம ஆள் மாதா கோயில்ல ஊரறியக் கட்டினவன். பொழைச்சான்."

ஒனோரின் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு எங்க ஊரைவிட்டுப் போனப்ப, எங்கே போறார், யாரோட இருக்கார்னு நான் விசாரிக்கவே இல்ல. போனது போகட்டும்னு இருந்துட்டேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு மண்ணுக்குள்ள கிடக்கா."

"அதுக்கு நீ என்னம்மா பண்ணுவே? உள்ளே வந்து, உழைப்பாளி, தங்கமான மனுஷன்னு சொல்லு. அழுகை வந்தா அடக்காதே. ஜூரிகளுக்குப் பிடிக்கும்."

உள்ளே கூட்டம் நெரிந்தது. சாட்சி சொல்ல ஏறுகிற ஒவ்வொருவரிடமும் நீதிபதி அதே கேள்விகளைத்தான் கேட்டார். பேர், தொழில், கைதிக்கு உறவா, அவனிடம் வேலை பார்க்கிறவரா. எல்லோரும் பாடம் ஒப்பிப்பதுபோல, "இல்லீங்க" என்றார்கள்.

பக்கத்து வீட்டுக் காய்கறிக்காரி சாட்சி சொன்னாள். "ஸெலி பயந்த பொண்ணுங்க. எப்பப் பார்த்தாலும் காதோட சேர்த்து அறை வாங்குவா. சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்."

"உன் புருஷனும் அப்படி ரெண்டு போட்டிருந்தா உன் வாய் இவ்வளவு நீளுமா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஜூரிகளில் சிலர்கூட மீசைக்குள் சிரித்தார்கள். நீதிபதி மணியை ஆட்டினார்.

ஒனோரின் சிரிக்கவில்லை. வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜெபம் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார் வக்கீல்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஆன்செல்ம் துள்ளி எழுந்தான். காவலர்கள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். பழைய ஊர்க்காரியைப் பார்த்ததும் பாவம் மனசு பொங்கிவிட்டது என்று வக்கீலுக்குத் திருப்தி.

நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேரு?"

"ஒனோரின் பெர்தெலோங்க. அப்பா வீட்டுப் பேரு."

"தொழில்?"

"சலவைங்க."

"கைதிக்கு உறவா? அவன்கிட்ட வேலை பார்க்கிறவளா?"

எழுத்தர், 'இல்லை' என்று எழுதத் தயாராகப் பேனாவை மையில் தோய்த்தார். ஒனோரின் கூண்டுப் பக்கம் திரும்பினாள். ஆன்செல்ம் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அவரு முதல்ல கட்டின பெண்டாட்டிங்க, இன்னும் சாகல."