பத்தியம்

"இன்னும் ஒரு சிட்டிகை உப்பு போடக்கூடாதா? நாக்கே செத்துப்போச்சுடி" என்றார் தையல்காரர்.

"பக்கவாதம் வந்து நீங்க படுத்தா நான்தான் அள்ளிக் கொட்டணும். பேசாம சாப்பிடுங்க" என்றாள் மனைவி. அவருடைய சிகரெட்டை நிறுத்தியவள் அவள். விடிந்ததும் நடக்கத் துரத்துகிறவளும் அவள்தான்.

மறுநாள் அவர் நடந்துவிட்டுத் திரும்பியபோது, அவள் வாய் கோணி அடுப்படியில் விழுந்து கிடந்தாள்.

"பிரஷர் எக்கச்சக்கமா இருக்கு. முன்னாடி எப்பவாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"வீட்டிலேயே மெஷின் இருக்கு டாக்டர். தினமும் எனக்குக் கட்டிப் பார்ப்பா."

"இவங்களுக்கு?"

நாளெல்லாம் ஊரார் கையை அளந்து சட்டை தைக்கிறவர் தலைகுனிந்தார்.

"எனக்கு அதைக் கட்டத் தெரியாதுங்க."