வலது கட்டைவிரலும் மருத்துவச்சியும்

வளர்மதியின் கைப்பேசி விளையாட்டில் இத்தனை நாளும் வாள்வீரனை ஆட்டிவைத்தது அவளுடைய வலது கட்டைவிரல்தான். படபடவென்று தட்டினால் வெட்டு விழும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவே.

அன்று அவள் வாள்வீரனை விட்டுவிட்டுப் புதிதாக மருத்துவச்சி பாத்திரத்தை எடுத்தாள். மருத்துவச்சியின் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால்தான் அடிபட்டு விழுந்த கூட்டாளி எழுவான். விரலோ பழக்கதோஷத்தில் தட்டித் தட்டியே இரண்டு ஆட்டத்தில் அவளைத் தோற்கடித்தது.

“இன்னொரு தடவை சொதப்பினால் ஆள்காட்டி விரலை வைத்து ஆடிக்கொள்வேன்” என்றாள் வளர்மதி. கட்டைவிரலுக்கு வியர்த்துவிட்டது.

“காலிங் பெல்லாண்ணே அது, விட்டுவிட்டு அடிக்க? அழுத்திப் பிடி!” என்றது இடது கட்டைவிரல்.

“தட்டலேன்னா அவன் செத்துருவானேடா!”

“நீ தட்டுறதாலதான் சாகுறான்.”

மூன்றாவது ஆட்டத்தில் கூட்டாளி விழுந்தான். எதிரி பாய்ந்து வந்தான். தட்டச் சொல்லி எழுந்த நமைச்சலைப் பொறுத்துக்கொண்டு, வலது விரல் அசையாமல் அழுத்தியது. மூன்று நொடியில் கூட்டாளி எழுந்தான்.

அந்த ஆட்டமும் தோல்விதான். ஆனாலும் ‘மருத்துவச்சிக்கு நன்றி’ என்று திரையில் எழுதிவிட்டுப் போனான் எழுந்தவன். ஆள்காட்டி விரலின் நினைப்பே வளர்மதிக்கு வரவில்லை. “மறுபடியும் மருத்துவச்சிதான்” என்றாள். லேசாகத் தட்டினாலே தேர்வாகிவிடும் மருத்துவச்சியின் படத்தையும் வலது விரல் மூன்று நொடி அழுத்திப் பிடித்தது.