உரியாத செம்பு

"கதவைச் சாத்தும்மா. மேல்மாடிக்காரன் காதுல விழுந்து தொலைக்கப் போகுது."

மாரென் கதவைச் சாத்திவிட்டு வந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து டாக்டர் நெஸ்லரின் மேசைமேல் வைத்தாள். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பிரான்ஸில், க்ரெனோபிள் ஊரில் நடந்த கூட்டு ஆராய்ச்சியில் மூன்று வாரம் இருந்துவிட்டு அன்று காலைதான் ஜெர்மனிக்கு, டிரெஸ்டன் திரும்பியிருந்தாள்.

நெஸ்லர் பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். செம்புப் படலம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"சூடாக்கிப் பார்த்தியா?"

"சூடாக்கி, ஆற வெச்சு, திரும்பச் சூடாக்கி, திரும்ப ஆற வெச்சு... மெஷினே ஓஞ்சு போச்சு, டாக்டர். செம்பு உரியலை."

நெஸ்லருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும்? மின்சாரக் காருக்கான சிப் அது. சூடேறினால் செம்பு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். இரண்டு வருடமாக இதே ரோதனை. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் ஒரு வழி சொல்லாவிட்டால் அவருடைய இரண்டாவது மாடி ஆராய்ச்சிக்கூடத்துக்கு மூடுவிழா. நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அவரையும் சேர்த்து.

"நீ கிளம்பறேன்னப்ப நான்தான் வேண்டாம்னேன். அஞ்சு நாட்டுக் கம்பெனிக்காரனுங்களை ஒரே மேஜையில உட்கார வெச்சு, அரசாங்கம் வரிப்பணத்தைக் கொட்டி, 'எல்லாரும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணுங்கப்பா'ன்னா எவனாவது வாயைத் திறப்பானா? நான் திறப்பேனா?"

"நீங்க திறக்க மாட்டீங்க, டாக்டர்."

சத்தியமான வார்த்தை. வெளிநாட்டுக்காரனை விடுங்கள், அதே கம்பெனியின் மூன்றாவது மாடித் தலைவர் கிராஃபோடு பேசியே ஒன்பது வருடம் ஆகிறது. எல்லாம் கார் நிறுத்தும் இடத்தில் ஆரம்பித்த தகராறு. கேன்டீனில்கூட இரண்டு மாடிக்காரர்களும் சேர்ந்து உட்காருவதில்லை. மேல்மாடி ஆட்களின் கார்டுக்கு இரண்டாவது மாடிக் கதவு திறக்கவே கூடாது என்று உத்தரவு போட்டதும் இவர்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் செய்து கொண்டுவரும் ஷ்டோலன் கேக்கும் தன் மாடியோடு சரி.

மேசைமேல் இருந்த அந்தக் கேக்கில் ஒரு பெரிய துண்டாக வெட்டி மாரென் பக்கம் தள்ளினார்.

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. எப்படிப் பிடிச்ச?"

"எனக்குப் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவங்க சிப்லயும் இதே கோளாறு. செம்பு போட்டதுக்கப்புறம் உலையில எப்படி ஆற விடணும்னு அவருக்குத் தெரியும். ஆனா போடறதுக்கு முன்னாடி அடியில எப்படிச் சுத்தம் பண்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தார். அது நமக்குத் தெரியுமே."

நெஸ்லர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சொல்லிட்டியா?"

"சொன்னேன். அவரும் சொன்னார். கத்துக்கிட்டதைப் பங்கு போட்டுக்கணும்னு நாமதானே கையெழுத்துப் போட்டோம்?"

"அடிப்பாவி! ராப்பகலா உழைச்சுக் கண்டுபிடிச்ச ரகசியத்தை இப்படித் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறியே! அது எந்த நாட்டுக்குப் போச்சோ!"

"ரொம்ப தூரம் போகலை, டாக்டர்."

"செக் நாட்டுக்காரனா?"

"இல்லை."

"அப்ப போலந்து. எனக்குத் தெரியும்."

மாரென் கேக்கை மென்றுகொண்டிருந்தாள். நெஸ்லர் மறுபடி உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். செம்பு பளபளவென்று சிரித்தது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சரி, போனது போகட்டும். இனிமே நீயே பண்ணிடுவ இல்ல?"

"பாதிதான். உலையை அவர்தான் வந்து பக்குவமா வெச்சுக் குடுக்கணும். எனக்கு அந்தக் கை வரலை."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணே நாள்தான் இருக்கு!" நெஸ்லர் தலையில் கை வைத்தார். அடுத்த நிமிடமே அவர் முகம் மலர்ந்தது. "ஏன், ஆளையே இழுத்துப் போட்டுட்டா என்ன? கேக்கற சம்பளத்தைக் குடுக்கறேன். ஜெர்மன் பேச வருமா?"

"நல்லாவே வருது."

"பலே! அப்புறம் என்ன கவலை? வெள்ளிக்கிழமை கூட்டத்துல அந்த கிராஃப் மூஞ்சி போற போக்கை நான் கண்குளிரப் பார்க்கணும். ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்." இன்னொரு துண்டு கேக்கை வெட்டி, காகிதத்தில் பத்திரமாகச் சுற்றினார். "இது அவனுக்கு. நம்ம மாடிக்காரன் ஆயிட்டான்ல? உடனே வரச் சொல்லு."

"சொல்லலாம். ஆனா அவர் கார்டுக்கு நம்ம கதவு திறக்காது, டாக்டர்."

"திறக்க வெச்சாப் போச்சு! அது ஒரு விஷயமா? நான் ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிஷ வேலை. ஆள் இப்ப எங்க இருக்கான், அதைச் சொல்லு முதல்ல."

மாரென் வாயோரத்துச் சர்க்கரைத் தூளைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே விமானத்துலதான் வந்தோம். ஒரே டிராம்லதான் வந்தோம். கீழே லிஃப்ட்லயும் ஒண்ணாத்தான் ஏறினோம், டாக்டர். நான் ரெண்டாவது மாடியில இறங்கிட்டேன். அவர் மூணாவது மாடிக்குப் போயிட்டார்."