மலர்ந்த முகம்

கப்பலில் இன்ஜினியராக இருக்கும் கிளாட்வின், குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாகத் தூத்துக்குடி வீட்டுக்கு வந்திருந்தான். கதவைத் திறந்த மனைவி ஜெசிந்தாவை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. கண்கள் குழிந்திருந்தன, தலை சீவிப் பல நாளாகியிருக்கும். தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“போன்ல நல்லா சிரிச்சிட்டுத்தான இருந்த?”

“நானா? அழுதுட்டுல்லா பேசினேன்.”

அவன் தன் போனை எடுத்துப் பார்த்தான். வீடியோ காலில் எதைச் சொன்னாலும், பேசுபவரின் முகத்தையும் குரலையும் உற்சாகமாக மாற்றிக் காட்டும் வசதி அதில் இருந்தது. வேலை முடிந்து களைத்து வரும்போது வாடிய முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அவனேதான் அதைப் போட்டு வைத்திருந்தான். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான்.

“பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வுதான். குணமாக்கிடலாம்,” என்றார் டாக்டர். “இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

“இவங்ககிட்ட தினமும் சொன்னேன், டாக்டர். தூக்கமே வரல, செத்துரலாம்போல இருக்குன்னு.” ஜெசிந்தா அவனைப் பார்க்காமலே சொன்னாள். “இவங்க சிரிச்சாங்க.”