மூன்றரை அடி கேட்

பைலியின் கண்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. மீன்கறிக் கிண்ணத்தோடு படியேறி வந்த பக்கத்து வீட்டு ஏலியாம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, பைலிச்சேட்டா! ஷார்ஜாவிலேருந்து உங்க மகன் ஏதாவது சொல்லிட்டானா?"

"சொன்னான். கறுப்புக் கண்ணாடி இல்லாம பாக்காதீங்கன்னு சொன்னான். நான்தான் கேக்காம எட்டிப் பாத்துட்டேன்." பைலி சிரித்தார். "அழல ஏலியாம்மா, வெல்டிங்!"

அந்த வெளிச்சம் பார்த்த உடனே ஒன்றும் செய்யாது. சில மணி நேரம் கழித்துத்தான் மணலை அள்ளிக் கண்ணில் போட்டதுபோல் அறுக்கும். பைலி உருளைக்கிழங்கு வில்லைகளை இமைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்தார்.

"பஸ்ஸுல டிக்கெட் கிழிச்ச கைக்கு இந்த வயசுல எதுக்கு நெருப்பு விளையாட்டு?"

"கிறிஸ்துமஸுக்கு எல்தோஸ் வர்றான். அவன் கார் நுழையிற வாசல்ல என் கையால செஞ்ச கேட் நிக்கணும். பத்தடி அகலம், பாத்துக்கோ!"

வீட்டையும் மண்ணையும் போன வருடமே மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி கொடுக்கத் தன் கைவேலை ஒன்றுதான் மிச்சம் என்று பைலிக்குத் தோன்றியிருந்தது.

எல்தோஸ் ஷார்ஜாவில் இரும்புப் பட்டறை வைத்திருந்தான். எப்போதாவது கூப்பிட்டு, "அப்பச்சா, சுகமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவன், அப்பா வெல்டிங் பழக ஆசைப்படுகிறார் என்றதும் ஆளே மாறிப்போனான். சின்ன மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். தினமும் வீடியோவில் வந்தான்.

"தீக்குச்சி உரசுற மாதிரி ராடை உரசுங்க. பொறி பிடிச்சதும் ராடைத் துளி மேலே தூக்கணும். இல்லேன்னா ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது. பைலி ராடைப் பிடித்து இழுக்க, இரும்புத் துண்டும் கூடவே எழுந்து வந்தது.

"விடுங்க, விடுங்க! பல்லா பிடுங்குறீங்க?" எல்தோஸ் அங்கே விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டு பக்கமும் ஆட்டி எடுங்க. அப்புறம் காதால கேளுங்க அப்பச்சா. முட்டை பொரியிற சத்தம் ஒரே சீரா வரணும். பட்டு பட்டுன்னு வெடிச்சா ராடு தூரமா இருக்குன்னு அர்த்தம்."

மகன் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று! பைலி வேண்டுமென்றே இன்னொரு முறை ஒட்டவைத்தார்.

மெல்ல மெல்ல முட்டை பொரிந்தது. மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டினால், அடியில் கரிமீன் செதில்போல வரிவரியாக மினுங்கியது.

"இனி பெரிய கேட் தொடங்கலாமாடா?"

"இப்ப வேண்டாம். பெருசு சூட்டுல முறுக்கிக்கும். முதல்ல மூணரை அடி அகலத்துல ஒண்ணு பண்ணுங்க."

"பழகறதுக்கு ரெண்டடி போதாதா?"

"மூணரையே இருக்கட்டும். கீல் வைங்க, தாழ்ப்பாள் வைங்க, பெயிண்டும் அடிச்சிருங்க. இந்த மாசத்துக்குள்ள முடியணும்."

"பழகற கேட்டுக்குத் தாழ்ப்பாள் எதுக்குடா?"

எல்தோஸ் ஒரு கணம் திரையை விட்டு வேறெங்கோ பார்த்தான். "தாழ்ப்பாள் வைக்கப் பழகாம பெரிய கேட் எப்படிச் செய்வீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. பைலி சட்டத்தின் நான்கு மூலைகளிலும் முதலில் பொட்டு வைத்ததுபோல் பற்றவைத்தார். மூலைக்கு மூலை குறுக்கே அளவுநாடா பிடித்து, இரண்டு அளவும் ஒன்றானபிறகே முழுதாகப் பற்றவைத்தார். அளவு பிசகினால் சதுரம் சாய்ந்துவிடும் என்று அதையும் எல்தோஸ்தான் சொல்லியிருந்தான். மேலே ஒரு சின்னச் சிலுவையும் வைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்த ஒரு காலையில், சிமெண்ட் கல் ஏற்றிய லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது.

"ஏலியாம்மா, ஓடி வா!" பைலி வேலிக்கு மேலாகக் கத்தினார். "பெரிய கேட்டுக்குத் தூண் கட்ட மகன் கல்லு அனுப்பிட்டான்!"

லாரியிலிருந்து இறங்கிய கான்ட்ராக்டர் ஷிபு நேராகச் சுவரில் சாய்த்திருந்த பச்சை கேட்டிடம் போய் நாடாவை நீட்டினான். "மூணரை. சுத்தமா இருக்கு. யாரு வேலை?"

"என்னோடது!" பைலிக்கு முகம் மலர்ந்தது.

"கெட்டிக்காரர்தான். டேய், தூக்குங்கடா. பின்பக்கம் சந்து ஓரமா நிறுத்துங்க."

"நில்லு, நில்லு! அது சும்மா பழகறதுக்குச் செஞ்சது."

ஷிபு அவரை விநோதமாகப் பார்த்தான். "முன்பக்கம் பூரா டைல்ஸ் கடைக்காரருக்கு வித்து ரிஜிஸ்டர் ஆயிடுச்சே சேட்டா. இன்னைக்கு இங்க மதில் ஏறுது. இனிமே உங்களுக்குப் பின்வழிதான். எல்தோஸ் சொல்லலையா?"

ஓடி வந்த ஏலியாம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூலியாட்கள் கேட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலாமரத்தைத் தாண்டிப் போனார்கள்.

பைலி மெஷினைத் தொட்டுப் பல நாளாகியிருந்தது. ஆனாலும் கண் எரிந்தது.

"பின்னால நடக்கத்தானே வழி இருக்கு. மூணரை அடியில... கிறிஸ்துமஸுக்கு அவன் கார் எப்படி உள்ள வரும்?"

ஷிபு நாடாவைச் சுருட்டினான்.

"அவரு இனி வரப்போறதில்லைன்னு சொல்லித்தானே சேட்டா, இந்த அளவையே கொடுத்தாரு!"