இடது பக்க ஜன்னல்

“ஏம்மா, எதுக்கு ஷட்டரை இறக்குற? தொற!”

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போற காலை பாசஞ்சர். வில்லியனூரை விட்டு வண்டி நகர்ந்ததுமே, ஹாஸ்டலுக்குச் சமையல் வேலைக்குப் போற கொளஞ்சி எழுந்தாள். கோபிநாத் தலைக்கு மேலே கையை நீட்டி, டமார்னு ஷட்டரை இழுத்து விட்டாள்.

அந்த ஒரு ஜன்னல் மட்டும் இல்லை. தினம் போய் வருகிற பொம்பளைங்க ஆளுக்கொன்றாக இறக்க, இடது பக்கம் பூரா டமார், டமார்னு சாத்திக்கொண்டே போனது. ஜவுளிக்கடை வேலைக்குப் போற அக்தர் பேகம், இடது வாசலில் போய்க் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள். வலது பக்கத்தை ஒருத்தரும் தொடவில்லை.

கோபிநாத் திருச்சிக்காரன். லீவுக்கு மனைவி நிர்மலாவோடு வந்தவன், ஊர் திரும்புகிறான். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டினவர் சொல்லி அனுப்பியிருந்தார்: “சங்கராபரணி ஆறுதான் சார் இங்க வந்து கடல்ல விழுது. ரயில் பாலத்து மேலேருந்து பாருங்க, கண்ணாடி மாதிரி ஓடும். இடது பக்கம் உக்காருங்க.”

அதுக்காகவே முண்டியடித்து ஏறி இடம் பிடித்திருந்தான்.

“பாலம் வரப்போவுது. தொறம்மா!”

“தாண்டினதும் தொறக்கலாம்.”

“தாண்டின பிறகு எதைப் பாக்குறது? உன் மூஞ்சியையா?”

“பாரேன். தேஞ்சா போயிடும்?”

“ரயிலு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?”

“எங்கப்பன் சொத்தா இருந்தா உன்ன ஏத்தியே இருக்க மாட்டேன்.”

பெட்டியில் சிரிப்பு. கோபிநாத்துக்கு முகம் சிறுத்துப் போனது. எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோர்ட் குமாஸ்தா பலராமனிடம் திரும்பினான்.

“சார், நீங்களாவது கேளுங்க.”

பலராமன் பேப்பரை மடித்தார். எழுந்தார். தன் பக்கத்து ஷட்டரையும் இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

“வேலைக்குச் சேந்த நாள்லேருந்து சாத்துறேன் சார். ஏன்னு கேட்டதில்ல. கேட்டா இந்தம்மா கடிச்சிரும்.”

நிர்மலாவுக்கும் பொறுக்கவில்லை. “நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான வர்றோம்? ஒரு காரணமாவது சொல்லுங்க.”

கொளஞ்சி வாயைத் திறந்தாள். சுத்தி ஒரு பார்வை பார்த்தாள். நின்றுகொண்டு வந்த காலேஜ் பசங்க, வழியில் இருந்த ஆம்பளைங்க, அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“காரணம் ஒண்ணும் கெடையாது. என் திமிருன்னு வச்சிக்க.”

கோபிநாத் ஷட்டரைப் பிடித்துத் தூக்கினான். அரை அடி எழும்பியது. கொளஞ்சி அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஜன்னலை முதுகால் அடைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“போலீசுக்குப் போன் பண்ணுவேன். அடுத்த ஸ்டேஷன்லயே உன்னை இறக்கி விடுறேனா இல்லையா பாரு!”

“இறக்கி வுடு. நாளைக்கு ஏறுவேன். நாளைக்கும் சாத்துவேன்.”

“அக்கா, வேணாங்க்கா,” என்றாள் வாசலிலிருந்து அக்தர் பேகம். “போன வாரமே லேட்டா போனன்னு ஹாஸ்டல்ல திட்டினாங்கன்ன. இன்னைக்கும் சமைக்கப் போவலன்னா நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தட்டும்டி. வாசலை வுட்டு நகராத.”

கோபிநாத் போனை எடுத்துக் கொளஞ்சி முகத்துக்கு நேராக நீட்டினான்.

“உன் அடாவடிய நெட்டுல போடுறேன். ஊரே பாத்துக் காறித் துப்பட்டும்.”

“எடு. நல்லா எடு. அக்தரு, என் பொட்டு நேரா இருக்குதா பாத்துச் சொல்லு.”

“லேசா கோணல்க்கா.”

கொளஞ்சி பொட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வண்டிச் சத்தம் மாறியது. தடதடவென்று பாலம் வந்துவிட்டது.

இவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போதே நிர்மலா அடுத்த வரிசை ஜன்னலுக்குப் போனாள். ஷட்டரை ஒரு சாண் தூக்கினாள். குனிந்து பார்த்தாள்.

பார்த்தவள், தானே டமார்னு இறக்கினாள்.

“என்ன தெரிஞ்சுது?” கோபிநாத் கத்தினான்.

கொளஞ்சியின் முகம் அப்போதுதான் மாறியது. அத்தனை நேரம் வீறாப்பாக இருந்தவள், கையெடுத்துக் கும்பிடாத குறையாக நிர்மலாவைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் நிர்மலா. “வெறும் மணல்.”

“நகரு, நான் பாக்குறேன்.”

“ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல! உக்காருங்க பேசாம.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தக் குரலில் பேசினதில்லை. கோபிநாத் உட்கார்ந்துவிட்டான்.

பாலம் தாண்டியது. ஷட்டர்கள் எல்லாம் மேலே ஏறின. வயல் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. கோபிநாத் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். நிர்மலா அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, கொளஞ்சியை எடுத்த வீடியோவை அழித்தாள். அப்புறம் கொளஞ்சி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, காதோரமாகக் கேட்டாள்.

“ஏங்க்கா, இவ்ளோ பேச்சு வாங்குனீங்களே. இதான் விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களே சாத்தியிருப்போமே?”

“நல்லா சொன்ன போ! கீழ ஆத்துல பொம்பளைங்க குளிக்கிறாங்க, யாரும் பாக்காதீங்கன்னு சொன்னேன்னு வையி, ரயிலே அந்தப் பக்கமா சாஞ்சிடும்மா.”